மாமி ஆற்றங்கரை நண்பனுக்கு

காட்பாடி,
புரட்டாசி, இரண்டாம் சனிக்கிழமை.

அன்புள்ள சோடாபுட்டி,

மூன்று வாட்ஸ்அப்புக்கும் பதில் போடாதது தப்புதான். நீ திட்ட நினைத்ததையெல்லாம் நானே திட்டிக்கொண்டாகிவிட்டது, மேற்கொண்டு வேண்டாம். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி அப்படியே இருக்கிறது. பீமன் மறுபடி புல்லட் வாங்கினான், மறுபடி விழுந்தான்.

இப்போது எழுதுவது ஒரு மன்னிப்புக்காக. 2014 ஆகஸ்டில் டொலீடோவிலிருந்து கூப்பிட்டு, ஏரிப் பாசியின் விஷம் கலந்துவிட்டது, குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று நாலு லட்சம் பேருக்குச் சொல்லிவிட்டார்கள், கடையில் பாட்டில்கூடக் கிடைக்கவில்லை என்று புலம்பினாயே. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். “அமெரிக்காவிலேயே குடம் தூக்கறியா? காய்ச்சிக் குடிடா” என்றேன். காய்ச்சினால் அந்த விஷம் போகாது, தண்ணீர் வற்றி இன்னும் கெட்டியாகும் என்று நீ சொன்னதை உன் வழக்கமான அளப்பில் சேர்த்துவிட்டேன். வயல்களிலிருந்து உங்கள் ஊர் மாமி (Maumee) ஆறு அடித்துக்கொண்டுவரும் உரம்தான் ஈரி ஏரியைக் கெடுக்கிறது என்றாய். “மாமி எத்தனை மூட்டை போட்டாங்க?” என்று நான் கேட்டது நம் செட்டில் எத்தனை வருடம் ஓடியது! இப்போது மாமி நம் ஊருக்கும் வந்துவிட்டாள்.

நாம் எருமை வாலைப் பிடித்து நீந்தின ஏரிதான். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டபோது இதுவும் நிரம்பி வழிந்து கோடி போனது. அதற்கப்புறம் ஒழுங்காகக் கோடி போகவில்லை, தண்ணீர் நின்ற இடத்திலேயே நிற்கிறது. வரத்துக்கால்வாயில் புதுக் காலனியின் சாக்கடையும் சோப்பு நுரையும் சேர்ந்துதான் வருகின்றன. ஆவணி மழை வயலைக் கழுவி இறக்கியது. பிறகு பதினைந்து நாள் பொன்னுருகக் காய்ந்தது, காற்றே இல்லை. ஒருநாள் காலை மதகடியில் யாரோ பச்சை பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்த மாதிரி இருந்தது.

கன்னியம்மா அக்காவின் கறவை மாடு அங்கேதான் தண்ணீர் குடித்தது. சாயங்காலம் கால் நடுங்கி உட்கார்ந்தது, விடியுமுன் முடிந்தது. பாம்பு என்றார்கள், யாரோ மருந்து வைத்தார்கள் என்றார்கள், இரண்டு வீட்டுக்குச் சண்டையே வந்துவிட்டது. கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தார். ஈரல் வீங்கி, ரத்தம் கட்டிக் கருத்திருந்தது. ஏரித் தண்ணீர் மேல்தான் தனக்குச் சந்தேகம் என்றார். அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது.

ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஏரித் தண்ணீரை மொண்டு வந்து கடை மேஜையில் வைத்தேன். ராத்திரி முழுக்கக் கலங்கலாகவே இருந்தது. காலையில் பார்த்தால் கீழே தண்ணீர் தெளிந்திருக்கிறது, மேலே ஒரு விரற்கடைக்குப் பச்சை ஆடை. பாட்டிலைச் சாய்த்தால் ஆடையும் சாய்கிறது. மூடியைத் திறந்தேன், அழுகின புல் நாற்றம், தள்ளிப்போய் நின்றேன். சாதாரணப் பாசி அடியில் படியுமாம். இது உடம்புக்குள் காற்றுப் பை வைத்துக்கொண்டு மேலே வந்து வெயில் காய்கிறது. நீலப்பச்சைப் பாசி என்கிறோமே தவிர, இது பாக்டீரியா ஜாதி. எல்லா நேரமும் விஷம் கக்காதாம், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாதாம். காலமெல்லாம் குடிக்கிற தண்ணீரில் உங்கள் டொலீடோ விஷத்துக்கு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம்தான், அதாவது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான், உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவு. கணக்குப் போட்டேன்: ஒரு கிராம் விஷம், பத்தாயிரம் லிட்டர் லாரி நூறுக்குப் போதும். நல்லவேளை, நமக்குக் குடிதண்ணீர் போர்வெல்லிலிருந்து வருகிறது. ஏரி மீனையும் புரட்டாசி என்று யாரும் தொடவில்லை. பெருமாள் காப்பாற்றினார்.

தூக்கம் கெட்டது இதனால் இல்லை. 1973-ல் கனடாவில் ஷிண்ட்லர் என்பவர் ஒரு ஏரியின் நடுவே திரை கட்டி இரண்டாகப் பிரித்தாராம். இரண்டு பக்கமும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) கரிச்சத்தும் (கார்பன்), ஒரு பக்கம் மட்டும் கூடவே மணிச்சத்து, அதாவது பாஸ்பேட். மணிச்சத்து விழுந்த பாதி மட்டும் பச்சையாகிவிட்டது. படித்துவிட்டுத் திரும்பினால் முதுகுக்குப் பின்னால் கூரை வரைக்கும் டிஏபி உர மூட்டை அடுக்கியிருக்கிறது. ஐம்பது கிலோ மூட்டைக்கு 23 கிலோ மணிச்சத்து. இருபத்திரண்டு வருடமாக இந்த ஏரி ஆயக்கட்டுக்கும் மேல்காட்டுக்கும் விற்பவன் நான்தான்டா.

சாக்கடைமேல் பழியைப் போடலாம், அதற்கும் பங்கு உண்டு. ஆனால் மண் பரிசோதனை அட்டையில் மணிச்சத்து ‘அதிகம்’ என்று எழுதியிருந்தும் அடியுரத்துக்கு டிஏபிதான் கேட்பார்கள். நானும் அட்டையைப் பார்க்காத மாதிரியே மூட்டையை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எத்தனை முறை என்று கேட்காதே. இன்றைக்கு நிறுத்தினாலும் சேற்றில் படிந்தது சும்மா இருக்காது. அடியில் பிராணவாயு தீர்ந்தால் திரும்பக் கிளம்பி மேலே வருமாம்.

இதில் இன்னொரு கூத்து. போன செவ்வாய்க்கிழமை ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் வந்து மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கேட்டார்கள். ஏரியில் கொட்டினால் பாசி ஒரே நாளில் செத்துவிடும் என்று யாரோ சொன்னார்களாம். சாகும்தான். செத்து வெடிக்கும்போது உள்ளேயிருக்கும் விஷமெல்லாம் தண்ணீரில் இறங்கும் என்றேன். “உரம் விக்கறவன் பாடம் எடுக்கறான்” என்று ஒருவர் சிரித்தார். மூக்கு சார் இருந்திருந்தால் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருப்பார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை, இல்லை என்று மட்டும் சொன்னேன். வேறு கடையில் கேட்டிருப்பார்களோ என்று தினமும் காலையில் கரைமேல் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். மாடுகளைத் திருப்பிவிட முள் வெட்டிப் போட்டிருக்கிறோம், அதையும் யாரோ அடுப்புக்கு எடுத்துப்போகிறார்கள்.

உங்கள் ஊர்த் தண்ணீர் நிலையத்தில் கரித்தூள் போட்டுச் சமாளித்தார்கள் என்றாய். அது ஏரிக்கு ஆகாது, தெரியும். நான் கேட்பது வேறு: உங்கள் மாமி ஆற்று விவசாயிகள் உரத்தைக் குறைத்தார்களா? குறைத்தவனுக்கு விளைச்சல் எப்படி? உன் பக்கத்து வீட்டுக்காரர் சோளம் போடுகிறவர் என்றாயே, அவரைக் கேட்டு எழுது. சம்பா நடவு நடக்கிறது, கடையில் கூட்டம். ‘அதிகம்’ அட்டைக்காரர்களில் இரண்டு பேரிடம் டிஏபி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். ஒருவன் யூரியாவோடு போனான். இன்னொருவன் என் சம்சாரத்திடம், “அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?” என்று விசாரித்துவிட்டுப் போனான்.

பதில் போடு. நான் போட்ட மாதிரி போடாதே.

உன்,
உரக்கடை