ஆலிஸ் போரிங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண் விஞ்ஞானிகள் வரிசையில் சென்ற இதழில் வந்த நெட்டி ஸ்டீவன்ஸ் கட்டுரையைப் படித்தேன். பிறப்பது ஆணா பெண்ணா என்பது செல்லுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோமில்தான் இருக்கிறது என்று 1905இல் மாவுப்புழுவை வைத்து அவர் காட்டியதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தீர்கள். அமெரிக்காவின் பிரின் மார் கல்லூரியில் அதே காலத்தில் ஸ்டீவன்ஸுடன் வேலை பார்த்த இன்னொரு செல் ஆய்வாளரைப் பற்றி ஒரு வரியாவது வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவர் பெயர் ஆலிஸ் போரிங். இந்த வரிசையில் அவருக்கும் ஓர் இடம் தர வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

1883இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். பட்டப்படிப்பு முடிக்கும் முன்பே மரபியல் அறிஞர் தாமஸ் ஹன்ட் மார்கனுடன் சேர்ந்து தவளைக் கரு பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர். ஜெர்மனிக்குப் போய் குரோமோசோம் ஆய்வாளர் தியோடர் பொவேரியின் ஆய்வுக்கூடத்திலும் வேலை செய்தார். முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட வேலை, தத்துப்பூச்சியும் அதன் உறவுப் பூச்சிகளுமாக 22 இனங்களில் விந்தணு உருவாவதைப் பார்ப்பது. விலங்கியல் படித்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பாடு என்று தெரியும். வெட்டுக்கிளியின் விந்தகத்தை எடுத்து, அசிட்டோகார்மைன் சாயம் ஒரு சொட்டு விட்டு, மேலே மெல்லிய கண்ணாடித் துண்டான கவர்ஸ்லிப் போட்டு, வடிதாளை மேலே வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால், நல்ல ஸ்லைடு ஒன்று கிடைப்பதற்குள் பிராக்டிகல் நேரம் முழுக்கப் போய்விடும். குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும், எண்ணவே வராது. ஒரே ஒரு பூச்சிக்கு எங்கள் மாணவிகள் பட்ட பாடு அது. அவர் பார்த்தது 22 இனங்கள்.

இப்படித் தொடங்கியவர் ஆய்வு ஆய்வு என்றே போயிருந்தால் இன்று பாடப்புத்தகத்தில் இருந்திருப்பார். 1918இல் பீஜிங்கில் மருத்துவப் படிப்புக்குத் தயாராகும் மாணவர்களுக்கு உயிரியல் சொல்லிக்கொடுக்கப் போனார். இரண்டு ஆண்டில் திரும்பி வந்து வெல்லெஸ்லி கல்லூரியில் வேலையில் சேர்ந்தார். அங்கேயே இருந்திருக்கலாம். 1923இல் மறுபடியும் பீஜிங் போனார், இம்முறை யென்சிங் பல்கலைக்கழகத்துக்கு.

மிஷன் கல்லூரிகள் சில சேர்ந்து உருவான கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் அது. அதன் முதல் தலைவர் ஜான் லெய்டன் ஸ்டூவர்ட் பின்னாளில் சீனாவுக்கான அமெரிக்கத் தூதரானார். அவரைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஆனால் ஒரு பல்கலைக்கழகத்தைத் தலைவர் மட்டும் நடத்துவதில்லை. மருத்துவத்துக்குப் போகிற பிள்ளைகளுக்கு உயிரியலில் அடித்தளம் போட்டுக்கொடுத்து, துறையை ஆண்டுக்கணக்கில் தாங்கி நின்றவர் போரிங். என் கணக்கில் அதுவும் தலைமைதான்.

செல் ஆய்வு அதோடு பின்னுக்குப் போயிற்று. பாடம் எடுத்த நேரம் போக மிச்சத்தில் என்ன செய்ய முடியும் என்று பார்த்துச் சீனத்துத் தவளை, தேரைகளை வகைப்படுத்தும் வேலையை எடுத்தார். அப்போது அது சரியாகச் செய்யப்படாமல் கிடந்த வேலை. அமெரிக்க விலங்கியலாளர் கிளிஃபோர்ட் போப்புடன் சேர்ந்து, நீரிலும் நிலத்திலும் வாழும் தவளை, தேரை போன்ற சீன இருவாழ்விகள் பற்றிய தொகுப்பை 1940இல் வெளியிட்டார். போரிங்கிடம் யென்சிங்கில் படித்த லியூ செங்ஜாவ், சீனாவின் இருவாழ்வி ஆய்வுக்கே முன்னோடி ஆனார். போர்க்காலத்தில் மேற்குச் சீன மலைகளில் அலைந்து சேகரித்தவர் அவர். எமெய் மலை ஓடைகளில் ஒரு தேரை. இனப்பெருக்கக் காலம் வந்தால் ஆணின் மேலுதட்டில் கறுப்பு முட்கள் வரிசையாக முளைக்கும், பார்க்க மீசை மாதிரியே இருக்கும். காலம் முடிந்தால் உதிர்ந்துவிடும். 1945இல் இந்த மீசைத் தேரையை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியபோது லியூ வைத்த பெயர் தன் ஆசிரியையின் பெயர். விருது பட்டியலைத் தேடுகிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் யென்சிங்கை மூடினார்கள். 1943இல் போரிங் ஷான்டாங் மாநிலத்தில் இருந்த முகாமில் அடைக்கப்பட்டார். அந்த ஆண்டே கைதிகள் பரிமாற்றத்தில் ஊர் திரும்பினார். அந்தப் பரிமாற்றம் நடந்தது நம் கோவாவின் மர்மகோவா துறைமுகத்தில். அப்போது வயது அறுபது. இதற்குப் பிறகும் 1946இல் அதே யென்சிங்குக்குத் திரும்பப் போய் 1950 வரை பாடம் எடுத்தார் என்பதைத்தான் என்னால் எளிதில் தாண்டிப் போக முடியவில்லை. 1955இல் காலமானார். யென்சிங்கும் 1952இல் கலைக்கப்பட்டுவிட்டது. அந்த வளாகத்தில் இன்று இருப்பது பீகிங் பல்கலைக்கழகம்.

கண்டுபிடிப்பை மட்டும் அளவுகோலாக வைத்தால் இப்படிப்பட்டவர்கள் பட்டியலுக்கு வரவே மாட்டார்கள். நம் பக்கத்திலும் இதுதான் நடக்கிறது. தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள் என்றால் கோயம்புத்தூரில் செய்த கரும்பு ஆய்வை மட்டும் எழுதுகிறோம். அதற்கு முன் 1920களில் சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் அவர் பாடம் எடுத்த ஆண்டுகள் அரை வரியில் முடிந்துவிடுகின்றன.

இந்த வரிசை இன்னும் சில மாதம் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். போரிங்குக்கு அதில் ஓர் இதழை ஒதுக்குங்கள். ஜானகி அம்மாளைப் பற்றி எழுதப்போகிறவர் யாராக இருந்தாலும், அந்தக் கல்லூரிக்கு ஒரு நடை போய்ப் பழைய ஆண்டு மலர்கள் இருக்கின்றனவா என்று நூலகத்தில் கேட்டுவிட்டு எழுதட்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியை,
பாளையங்கோட்டை