மேசனின் வேலைக்கு எது ஆபத்து?

ஆசிரியர் அவர்களுக்கு,

கல் அடுக்கும் ரோபோ வந்துவிட்டது, இனி மேசன் வேலை பழகிப் பயனில்லை என்று எங்கள் பக்கத்துப் பெடியங்கள் கதைக்கிறார்கள். அவுஸ்திரேலியாவின் ஹாட்ரியன் எக்ஸ் இயந்திரம் சாந்துக்குப் பதிலாகப் பசையால் கல்லை ஒட்டுவது உண்மைதான். ஆனால் அமெரிக்காவின் சாம் 100 என்ற ரோபோ கல் வைத்தாலும், சாந்தை வழித்துச் சீராக்க மேசன் பக்கத்தில் நிற்க வேண்டும். மாங்குளத்து ஒழுங்கைகளுக்குள் அவை வர நெடுநாளாகும்.

எனது பயம் வேறு. வடக்கு, கிழக்குக்கு 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் என்று 2016இல் பெரிதாகப் பேசினார்களே, ஞாபகம் இருக்கிறதா? வெயிலுக்கு ஒத்துவராது என்று எதிர்ப்பு வந்தது. சரி, தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பூட்டும் வீட்டில் மேசனுக்கும் ஓடாவிக்கும் என்ன வேலை? இந்திய அரசின் உதவியில் வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் வீட்டுக்காரரே பொறுப்பெடுத்துக் கட்டியதால் கூலிக்காசு ஊருக்குள்ளும் சுற்றியது. அடுத்த திட்டம் வரைபவர்கள் இதைக் கணக்கில் எடுக்கட்டும்.

தொழிற்பயிற்சி நிலையங்கள் லேசர் மட்டம் பிடிக்கவும் பூச்சு மெசின் பாவிக்கவும் மேசன்மாருக்குப் பழக்கலாம். வகுப்பை மாலையில் வையுங்கள். நாட்கூலியை விட்டுவிட்டுப் பகலில் யார் வருவார்?

வாசகர்,
மாங்குளம்