டேங்க்கா, ரோக்கா?

அம்மாப்பேட்டை, சேலம்

மாப்ள,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது, வீட்டில் வெள்ளையடிக்கிற வேலை, அதனால்தான் தாமதம், திட்டாதே. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, நீ ஏற்காட்டில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு திரும்ப வார்கிராப்ட் ஆன்லைன் கேம் ஆடப் போகிறாயாம். வாரியர் எடுத்து, எதிரியின் அடியெல்லாம் தன்மேல் வாங்கும் டேங்க்காக நிற்கவா, பின்னால் நின்று குத்தும் ரோக் எடுத்து அடிக்கவா என்று வேறு கேட்கிறாய்.

நான் பல வருடம் ரோக் ஆடியவன். 2019-ல் அந்த கேமின் பழைய வடிவம் கிளாசிக் என்று திரும்ப வந்தபோதுதான் முதல்முறை கேடயத்தைத் தூக்கினேன். ரோக்குக்கு அடிக்கத் தேவையான எனர்ஜி தானாக ஊறும், பாஸ் என்கிற பெரிய எதிரியின் முதுகுப்பக்கம் ஒட்டி நின்று, சின்னக் குத்துகளில் அஞ்சு காம்போ பாயின்ட் சேர்த்து ஒரு பெரிய குத்து, அவ்வளவுதான். பாஸுக்கு யார்மேல் எவ்வளவு கோபம் என்ற கணக்குதான் த்ரெட், அது டேங்க்கின் த்ரெட்டைவிட நூற்றுக்குப் பத்து தாண்டினால் பாஸ் நம் பக்கம் திரும்பும். திரும்பினால் என்ன, வேனிஷ் போட்டு மறைந்துவிடலாம்.

வாரியருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அடித்தாலோ அடி வாங்கினாலோதான் ரேஜ் ஏறும், ஏறினால்தான் சண்டர், அதாவது பாஸின் கவசத்தை உடைத்து அதன் கோபத்தை நம்மேல் இழுக்கும் அடி, போட முடியும். அஞ்சு சண்டர் விழும்வரை பொறுங்கடா என்று கத்துவேன், எவனும் கேட்கமாட்டான். நான் ரோக்காக இருந்தபோது கேட்டேனா என்ன!

ஆனிக்ஸியா டிராகன் ஞாபகம் இருக்கிறதா? வாய்ப்பக்கம் நெருப்பு, வால்பக்கம் நின்றால் முட்டைக் குழிக்குள் தள்ளிவிடும், அதனால் எல்லாரும் விலாப்பக்கம் நிற்க, டேங்க் மட்டும் அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். நாற்பது பேர் ரெய்டில் மற்றவர்களெல்லாம் டிராகனைப் பார்த்தார்கள், நான் பார்த்தது அதன் கால் நகத்தைத்தான். அன்றைக்கு வீட்டில் தட்டுவடை செட், அதுதான் தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட்டும் சட்னியும் வைத்தது, வாங்கி வைத்திருந்தார்கள். ரோக்காக இருந்தால் ஒரு கையால் எடுத்து வாயில் போட்டிருப்பேன், டேங்க் எங்கே கையை எடுப்பது? சண்டை முடிந்து தொட்டுப் பார்த்தால் தட்டுவடை சட்னியில் ஊறி, துணி மாதிரி மடிகிறது, பீட்ரூட் சாயம் மட்டும் தட்டில் நிற்கிறது.

ஒன்று மட்டும் டேங்க்குக்கு ராஜமரியாதை. அஞ்சு பேர் சேர்ந்து போகும் டஞ்சன் சண்டைக்கு டேங்க் ஒருத்தன்தான், காயம் ஆற்றும் ஹீலர் ஒருத்தன், அடிக்கிறவன் மூணு பேர், அதனால் டேங்க் என்று சொன்ன உடனே கூப்பிட்டுக்கொள்வார்கள், ரோக் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டும்.

ஆனாலும் உனக்கு நான் ரோக்தான் சொல்வேன். ஏன் என்றால் உன் ஊர் கரண்ட். ஒரு காற்று மழைக்கு ஏதாவது மரம் கம்பிமேல் சாய்ந்தால் போயிற்று. ரோக் காணாமல் போனால் பாஸ் சாவதற்குக் கொஞ்சம் நேரம் கூடும், பல பேர் கவனிக்கக்கூட மாட்டார்கள். டேங்க் காணாமல் போனால் அடுத்த அடி ஹீலர் மேல், அப்புறம் மொத்தப் பேரும் பிணம். எனக்கே இங்கே ஒருமுறை ட்ரான்ஸ்ஃபார்மர் வெடித்து, திரும்ப உள்ளே போனபோது என்னை வெளியே தள்ளியிருந்தார்கள்.

டேங்க்குக்கு நான் இருக்கிறேன், நீ பாஸின் முதுகுப்பக்கம் வந்து நில். ஞாயிற்றுக்கிழமை வண்டியில் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வருகிறேன், மல்கோவா இறங்கிவிட்டது, ஒரு பெட்டி கட்டி எடுத்து வருகிறேன். அதற்குள் லெவல் பத்தாவது தொட்டு வை. அஞ்சு சண்டருக்கு முன்னால் கை வைத்தாய் என்றால் பாஸை என் பக்கம் திருப்பும் டான்ட் போடமாட்டேன், சொல்லிவிட்டேன்.

உன் பழைய ரோக்