கரையான் தின்னும் பதிவேடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் முப்பாட்டனார் தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் மானாவாரி விவசாயம் பார்த்தவர். தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது.  அதனால் ஒரே குடும்பத்தின் விவரம் தேட சேலம், தருமபுரி, எழும்பூர் ஆவணக் காப்பகம் என்று அலைய வேண்டியிருக்கிறது. சரி, அலையலாம். பழைய நிலப் பதிவேட்டில் சர்வே எண்ணுக்கு எதிரே அவர் பெயரையும், அவருடைய தகப்பனார் பெயரையும் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. ஆனால் புரட்டப் புரட்ட, தாளின் ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. முப்பாட்டியைத் தேடினால், இறப்புப் பதிவேட்டில் அந்தப் பக்கத்தையே கரையான் அரித்திருந்தது. நிலக் கணக்கில் பெண்கள் பெயர் அபூர்வம். இந்தப் பதிவேடும் போனால் அவர்களுக்கு வேறு தடயமே இல்லை. சேலம், தருமபுரி ஆகிய இரு மாவட்ட நிர்வாகங்களும் மிச்சமிருக்கும் பக்கங்களையாவது இந்த மழைக்காலத்துக்கு முன்பே ஸ்கேன் செய்ய வேண்டும்.

- ஒரு வாசகர், பாலக்கோடு