பெரியவளுக்கு நாலு வார்த்தை

மயிலாடுதுறை

அன்பு விஜி,

உன் கடிதம் வந்தது. உன் பெரியவளுக்குத் தொடக்கப் பள்ளி டீச்சர் போஸ்டிங் ஓசூர்ப் பக்கம் என்றதும் இவர், "அவ்வளவு தூரமா?" என்றார். நீயும் நானும் முதல் வேலைக்குப் போன ஊர்களை நினைத்துக்கொண்டேன். என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. மற்றபடி சௌக்கியம்.

பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொள்வது என்று அவளுக்கு நாலு வார்த்தை எழுதச் சொல்லியிருந்தாய். எங்கள் ஊர்க் கதையே ஒன்று இருக்கிறது. 1871-இல் உ.வே. சாமிநாதையர் பதினாறு வயதுப் பையனாக மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படிக்க இங்கே வந்தார். ஐயா நேரே பாடம் சொல்லவில்லை, மூத்த மாணாக்கர் சவேரிநாத பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டார். பையனுக்கு ஏக்கம். ஐயா தினமும் காலையில் தோட்டத்துச் செடிகளில் புதுத் தளிர் விட்டிருக்கிறதா என்று பார்ப்பதைக் கவனித்தான். அவருக்கு முன்னால் எழுந்து போய், தளிர் எங்கெங்கே என்று தேடிவைத்துக் காட்டினான். அவர் மனம் குளிர்ந்ததும் தன் ஆசையைச் சொல்லி நேரே பாடம் கேட்க ஆரம்பித்தான்.

பையனின் சாமர்த்தியத்தைத்தான் எல்லாரும் மெச்சுவார்கள். எனக்கோ அந்தச் சாமர்த்தியம் இல்லாத பிள்ளைகள் நினைவுக்கு வருவார்கள். வாத்தியார் கண் எங்கே போகிறது என்று பார்த்து அங்கே போய் நிற்க ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியுமா? கடைசி வரிசையில் கம்மென்று இருக்கும். நாம்தான் எழுந்து போகணும்.

'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபிறகு பிள்ளைகளை அவர்கள் கற்றிருக்கிற நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோமே, அது நல்லதுதான். ஆனால் பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும், மாதக்கணக்கில் அரும்பிலேயே இருக்கிற பிள்ளைக்குத் தன் இடம் தெரியாமல் போகாது. "நேற்று 'ழ' தலைகீழாக இருந்தது, இன்றைக்கு நேராக வந்திருக்கு பார்" என்று அது மட்டும் கேட்கிற மாதிரி சொல்லச் சொல். எல்லா நோட்டிலும் 'வெரிகுட்' போட்டால் இரண்டு நாளில் அதற்கு மதிப்பில்லாமல் போய்விடும்.

இன்னொன்று, காலை உணவு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, மறுவருடம் ஆகஸ்டில் நம் திருக்குவளையில் வைத்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கினார்களே, அந்தத் திட்டம். பிள்ளைகள் சாப்பிடும்போது இவள் பதிவேடு எழுத உட்கார வேண்டாம், பக்கத்தில் நிற்கட்டும். எப்போதும் பொங்கலை வழித்துச் சாப்பிடுகிற பிள்ளை ஒருநாள் தட்டைத் தள்ளிவைத்தால் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது. எல்லார் முன்னாலும் கேட்காமல் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிப்போய்க் கேட்கலாம். மிரட்டிக் கேட்டால் வாயே திறக்காது.

ஓசூர்ப் பக்கம் நிறையப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும். 'வா, உட்கார், சாப்பிட்டாயா, வயிறு வலிக்கிறதா' வரைக்குமாவது அவள் கற்றுக்கொள்ளட்டும். முதல் வாரம் பிள்ளைகளே சொல்லித்தருவார்கள். டீச்சருக்குச் சொல்லித்தருவதென்றால் அவர்களுக்கு எத்தனை குஷி!

நான் செய்த எழுத்து அட்டைகள் பரணில் ஒரு பெட்டி நிறையக் கிடக்கின்றன. கரையான் தொடவில்லை. வேண்டுமா என்று அவளைக் கேட்டு எழுது, பார்சலில் அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
சாந்தா