புதுமுக சென்டரை எடைபோடும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) ஆட்டங்களை அலசும் விமர்சகர்களுக்கும், வர்ணனையாளர்களுக்கும், அவர்கள் சொல்வதை நம்பிக் கேட்கும் ரசிகர்களுக்கும் வணக்கம்.

அக்டோபர் கடைசியில் சீசன் தொடங்குகிறது. நவம்பர் பாதிக்குள் அந்த ஆண்டின் புதுமுக சென்டரைப் (வளையத்தடியில் ஆடும் உயரமான வீரர்) பற்றித் தீர்ப்பு வந்துவிடுகிறது. 'சரித்திரம் படைப்பார்' என்கிறது ஒரு கூட்டம். 'ஊதிப் பெருக்கிய பெயர்' என்கிறது இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டமும் பெரும்பாலும் ஒரே அட்டவணையைத்தான் பார்க்கிறது: எத்தனை புள்ளி, எத்தனை ரீபவுண்ட் (தவறிய எறிதலைப் பிடிப்பது), எத்தனை பிளாக் (எறிதலைத் தட்டிவிடுவது). சீசனின் முதல் மாதத்தில் ஒரு சென்டரைப் பற்றி மிகக் குறைவாகச் சொல்லும் எண்கள் இவைதான். அதிகம் சொல்லும் விஷயங்கள் வேறு இருக்கின்றன, சீக்கிரம் தெரிந்துவிடக்கூடியவையும்கூட. அவற்றைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும், பேச வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

2023-24 சீசனையே எடுத்துக்கொள்வோம். விக்டர் வெம்பன்யாமா டிராஃப்ட்டின் (அணிகள் புதுமுகங்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் தேர்வாக சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணிக்கு வந்தார். டல்லாஸ் அணிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 23 நிமிடம் ஆடி 15 புள்ளியும் 5 ரீபவுண்டும் எடுத்தார்; ஃபவுலும் 5. ஐந்தாவது ஆட்டத்தில், ஃபீனிக்ஸில், 38 புள்ளி. அணி 3 வெற்றி, 2 தோல்வி என்று நின்றது. அன்றைக்கு எழுதப்பட்ட புகழுரைகளுக்கு அளவே இல்லை. அடுத்து ஸ்பர்ஸ் தொடர்ச்சியாக 18 ஆட்டங்களில் தோற்றது. புகழுரை எழுதியவர்களில் பலர் அப்போது மௌனமானார்கள், சிலர் கட்சி மாறினார்கள். மேற்குப் பிரிவின் முதல் இரண்டு 'மாதத்தின் சிறந்த புதுமுகம்' விருதுகளும் ஓக்லஹோமா சிட்டியின் செட் ஹோம்கிரனுக்குப் போயின. சீசன் முடிந்தபோதோ, வாக்களித்த 99 பேரும் ஆண்டின் சிறந்த புதுமுகமாக வெம்பன்யாமாவையே முதலிடத்தில் எழுதியிருந்தார்கள். சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதில் ருடி கோபேருக்கு அடுத்த இடம் அவருக்கு. ஆல்-டிஃபென்சிவ் முதல் அணியில் இடம்பெற்ற முதல் புதுமுகமும் அவரே.

இடையில் அவர் திடீரென்று ஆடக் கற்றுக்கொண்டுவிடவில்லை. அவரைச் சுற்றியிருந்த அமைப்பு மாறியது. சீசனைத் தொடங்கும்போது பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச் இரண்டு சோதனைகளை ஒன்றாகச் செய்தார். சென்டராக ஜாக் காலின்ஸை நிறுத்தி, வெம்பன்யாமாவை சென்டருக்குப் பக்கத்து இடமான பவர் ஃபார்வர்டாக ஆடவிட்டார். அந்த வேலைக்குப் பழக்கமே இல்லாத ஃபார்வர்டு ஜெரெமி சோஹனிடம் பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் பாயின்ட் கார்டு பொறுப்பைக் கொடுத்தார். இதனால் என்ன ஆகும்? தடுப்பாட்டத்தில் வெம்பன்யாமா காக்க வேண்டிய எதிரணி ஆள் பெரும்பாலும் மூலையிலோ மூன்று புள்ளிக் கோட்டிலோ நிற்பார். அவரைக் காக்கப் போனால் வளையத்திலிருந்து 6, 7 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். எதிரணி கார்டு உள்ளே புகும்போது வளையத்தடியில் இருப்பவர் காலின்ஸ். வெம்பன்யாமா ஓடி வந்து சேர வேண்டியவர். தாக்குதலிலும் அதே சிக்கல்: காலின்ஸைக் காக்கும் எதிரணி ஆள் வளையத்தடியில் உள்ள பெயின்ட் பகுதியை அடைத்து நிற்பார். பிக் அண்ட் ரோலில் (பெரிய ஆள் கார்டுக்காகத் தடுப்பவரை உடம்பால் மறித்து, பிறகு வளையத்தை நோக்கி ஓடும் ஆட்டம்) வெம்பன்யாமா வளையத்தை நோக்கி ஓடினாலும் பந்து வர வேண்டிய நொடியில் வராது. வந்தாலும் மார்பளவில் வரும். 2.24 மீட்டர் உயரமுள்ளவரின் உயரத்தால் பயன் இருக்க வேண்டுமானால் பந்து தலைக்கு மேலே வர வேண்டும்.

டிசம்பர் தொடக்கத்தில் காலின்ஸ் பெஞ்சுக்குப் போனார், வெம்பன்யாமா சென்டரானார். சிகாகோவுக்கு எதிராக 21 புள்ளி, 20 ரீபவுண்ட் எடுத்தது அந்த நாட்களில்தான். ஜனவரியில் ட்ரே ஜோன்ஸ் தொடக்க ஐவரில் பாயின்ட் கார்டாக வந்தார். அந்த மாதமே டெட்ராய்ட்டில் 21 நிமிடத்தில் 16 புள்ளி, 12 ரீபவுண்ட், 10 அசிஸ்ட் (கூடையாக மாறிய பாஸ்). பிப்ரவரியில் டொராண்டோவில் 27 புள்ளி, 14 ரீபவுண்ட், 10 பிளாக். அணி மட்டும் கடைசிவரை தேறவில்லை, 22 வெற்றி, 60 தோல்வி என்றுதான் முடித்தது. சென்டரின் தரத்தை அணியின் வெற்றிக் கணக்கில் தேடக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

ஹோம்கிரனைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. அவர் அந்த இரண்டு விருதுகளுக்கும் தகுதியானவர். 82 ஆட்டங்களையும் ஆடினார், மூன்று புள்ளி எறிதலில் 37 சதவீதம் வைத்திருந்தார். ஆனால் அவர் 2022 டிராஃப்ட்டின் இரண்டாவது தேர்வு. காயத்தால் ஒரு சீசன் முழுவதும் ஆடாவிட்டாலும் அந்த ஆண்டு முழுக்க அணியுடன் இருந்தார். பந்தை ஷை கில்ஜஸ்-அலெக்சாண்டர் கொண்டுவர, தன் இடத்தில், சென்டராகவே, 57 ஆட்டங்களை வென்ற அணியில் ஆடினார். 19 வயதில் வேறு கண்டத்திலிருந்து வந்து, வேறு இடத்தில் நிறுத்தப்பட்டவரோடு அவரைப் புள்ளிக் கணக்கில் ஒப்பிடுவது சரியான ஒப்பீடு அல்ல. ஆகவே புதுமுக சென்டரைப் பற்றி எழுத உட்காரும்போது முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: அவருக்குப் பந்து கொடுப்பவர் யார், பக்கத்தில் இன்னொரு பெரிய ஆள் நிற்கிறாரா?

அடுத்தது ஃபவுல். முதல் மாதத்தில் ஒரு சென்டரைப் பற்றி அதிகம் சொல்வது இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து. எண்ணிக்கையைவிட வகை முக்கியம். ஸ்க்ரீன் வைக்கும்போது (எதிராளியின் வழியை உடம்பால் மறிக்கும்போது) இடுப்பை நீட்டியோ கால் நகர்ந்தோ விழும் ஃபவுல் பெரிய கவலை இல்லை. என்பிஏ கார்டுகளின் வேகத்துக்கு ஸ்க்ரீன் வைக்கும் நேரம் பிடிபட்டால் சில வாரங்களில் குறைந்துவிடும். ரீபவுண்டில் முதுகின்மேல் ஏறும் ஃபவுல், முன்கூட்டியே உடம்பால் மறித்து இடம் பிடிக்கவில்லை என்று சொல்கிறது. அதுவும் பயிற்சியில் சரியாகும். தன்னைத் தாண்டிப் போகும் கார்டின் இடுப்பில் கை வைக்கும் ஃபவுல் வேறு ரகம். கால் பிந்துகிறது, கை அதை ஈடுகட்டப் பார்க்கிறது என்று பொருள். இது குறைய ஒரு கோடைக்காலப் பயிற்சியாவது வேண்டும். வளையத்தடியில் கையை நேராக மேலே வைக்காமல் முன்னோக்கி அடிப்பதால் வருவது நான்காவது வகை. இதில்தான் ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது வாரத்திலும் கை முன்னோக்கியே வருகிறதென்றால் அதை எழுதுங்கள். அது உண்மையான குறை.

ஜாக் ஈடியை நினைத்துப் பாருங்கள். பர்டியூ பல்கலைக்கழகத்தில் இரண்டு முறை தேசத்தின் சிறந்த கல்லூரி வீரர் ஆனவர். 2024-இல் மெம்ஃபிஸுக்காக ஆடிய முதல் ஆட்டத்திலேயே 6 ஃபவுலை எட்டியதால் வெளியேற வேண்டியதாயிற்று. அன்றே அவரை முடித்துவைத்து எழுதியவர்கள் உண்டு. அந்த சீசனின் சிறந்த புதுமுகங்களின் முதல் ஐவரில் அவர் பெயர் இருந்தது.

வேறு விதிகளுக்கு மாறுவதன் பாரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கல்லூரி ஆட்டத்தில் பெயின்ட் பகுதியின் அகலம் 3.66 மீட்டர், என்பிஏவில் 4.88. வளையத்துக்கு முதுகு காட்டி நின்று பந்து வாங்கும் சென்டர் அதே இடத்தில் நின்றால் தாக்குதலில் மூன்று நொடி விதி அவரைப் பிடிக்கும். தடுப்பாட்டத்திலோ, கல்லூரியிலும் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) ஆட்டங்களிலும் இல்லாத ஒரு விதி இருக்கிறது: யாரையும் கையெட்டும் தூரத்தில் காக்காமல் பெயின்டுக்குள் 3 நொடிக்கு மேல் நின்றால் எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காத எறிதல்), பந்தும் அவர்களிடமே. வளையத்தடியில் காலூன்றி நின்று பழகியவர் இங்கே உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால் என்று ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வருபவருக்கு இன்னொன்றும் உண்டு. ஃபிபா விதியில் வளையத்தைத் தொட்ட பந்தைத் தட்டிவிடலாம். என்பிஏவில் பந்து வளையத்துக்கு நேர் மேலே இருக்கும்வரை தொடக்கூடாது. மூன்று புள்ளிக் கோடும் 6.75 மீட்டரிலிருந்து 7.24-க்குப் போகிறது. முதல் 10 ஆட்டங்களில் நடக்கும் தவறுகளில் ஒரு பகுதி இந்தப் பழக்கங்களிலிருந்து வருவது. அவற்றைத் தனியே பிரித்து எழுதினால் வாசகருக்கு உதவும்.

தடுப்பாட்டத்தில் பார்க்க வேண்டியது பிளாக் அல்ல, பிக் அண்ட் ரோல். பெரும்பாலான அணிகள் புதுமுக சென்டரை டிராப் முறையில் நிறுத்துகின்றன. ஸ்க்ரீனுக்குப் பின்னால் சற்று இறங்கி நின்று, பந்துடன் வரும் கார்டையும் வளையத்தை நோக்கி ஓடும் ஆளையும் ஒருசேரக் காக்க வேண்டும். இதில் புதுமுகங்கள் செய்யும் தவறுகள் ஏறக்குறைய எல்லாருக்கும் பொது. மிக ஆழமாக இறங்கிவிடுவார்கள். கார்டு ஃப்ரீ த்ரோ கோட்டருகே நிதானமாக எறிவார். அல்லது கார்டு பந்தைத் தூக்கியதுமே தாவிவிடுவார்கள். பந்து தலைக்கு மேலே லாப் பாஸாகப் போய் டங்க் ஆகும் (வளையத்துக்குள் நேராகத் திணிக்கப்படும்). அல்லது பின்னாலிருந்து தன் அணிக் கார்டு விரட்டி வந்துகொண்டிருக்கும்போதே தேவையில்லாமல் பிளாக்குக்குப் போவார்கள். எறிதல் தவறினாலும் ரீபவுண்ட் எதிரணிக்குப் போகும். முதல் தவறு பயத்தால் வருவது, அனுபவத்தில் குறையும். இரண்டாவதும் மூன்றாவதும் பிளாக் எண்ணிக்கையை உயர்த்திக்காட்டிக்கொண்டே அணிக்கு நட்டம் செய்பவை. 4 பிளாக் எடுத்த ஆட்டத்தில் 8 லாப் விட்டுக்கொடுத்தவரை அட்டவணை பாராட்டிவிடும்.

ஒரு எளிய முறை சொல்கிறோம். ஒரு ஆட்டத்தின் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சென்டர் களத்தில் இருக்கும்போது எதிரணி பந்தோடு பெயின்டுக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடுங்கள். எறிந்தாரா, பந்தை வெளியே கொடுத்தாரா, சென்டரைப் பார்த்துத் திரும்பிவிட்டாரா என்று மூன்று கட்டம் போதும். திரும்பியவர்களின் கணக்கு எந்த அட்டவணையிலும் வராது. வெம்பன்யாமாவின் தடுப்பாட்டத்தின் பெரும்பங்கு அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. வளையத்தடியில் நடக்கும் எறிதல்களில் மூன்றில் இரண்டு பங்கு கூடையாகும் லீக் அது. எறிதலே நிகழாமல் செய்பவர் எத்தனை புள்ளியைக் காக்கிறார் என்று இந்தக் கணக்கிலிருந்து நீங்களே பார்க்கலாம்.

எறிதல் சதவீதம் பற்றி ஒரு வேண்டுகோள். ஒரு சென்டர் ஆட்டத்துக்கு 5 மூன்று புள்ளி எறிகிறார் என்றால் 15 ஆட்டத்தில் 75. அவரது உண்மையான திறமை 33 சதவீதம் என்றால் 25 உள்ளே போக வேண்டும். திறமை துளியும் மாறாமலே அது 17-இல் நிற்கலாம், 33-ஐயும் தொடலாம். அதாவது 23 சதவீதமும் 44 சதவீதமும் ஒரே ஆளின் முதல் மாதமாக இருக்க முடியும். வெம்பன்யாமா சீசனை 32.5 சதவீதத்தில் முடித்தார். இடையில் எழுந்த கூக்குரல்கள் எல்லாம் இந்த அலைவைப் பற்றியவைதான். சதவீதத்துக்குப் பதில் எங்கிருந்து எறிகிறார், கால் ஊன்றி எறிகிறாரா, எத்தனை எறிதல் வளையத்தடியில் என்று பாருங்கள். அவை 15 ஆட்டத்திலேயே நிலைபெறத் தொடங்கும். வாஷிங்டனின் அலெக்ஸ் சார் முதல் சீசனில் எல்லாக் கள எறிதல்களையும் சேர்த்து 39.4 சதவீதத்தில் முடித்தது எறிதல் தவறியதால் மட்டும் அல்ல. அந்த உயரத்துக்கு வளையத்தைவிட்டு வெகுதூரத்திலிருந்து எறிந்ததும் காரணம்.

'அவர் களத்தில் இருக்கும்போது அணி இத்தனை புள்ளி பின்தங்குகிறது' என்ற கணக்கையும் நவம்பரில் தூக்கிப் பிடிக்க வேண்டாம். 15 ஆட்டத்தில் 420 நிமிடம் ஆடுபவருக்கு எதிரே எதிரணி ஏறக்குறைய 300 மூன்று புள்ளி எறிந்திருக்கும். அதில் 8 எறிதல் கூடுதலாக உள்ளே போவது வெறும் அதிர்ஷ்டத்தில் நடப்பது. அந்த 24 புள்ளியே 100 பந்துவாய்ப்புக்கு ஏறக்குறைய 3 புள்ளி வித்தியாசம் காட்டிவிடும். சென்டருக்கும் அதற்கும் சம்பந்தமே இராது.

ரீபவுண்டைத் தனிக் கணக்காகப் பார்க்காமல், அவர் இருக்கும்போது அணி மொத்தமாக எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள். ஸ்டீவன் ஆடம்ஸ் ஓக்லஹோமா சிட்டியில் ஆளை மறித்து நிற்க, பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடியவர் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக். குறைந்த நிமிடம் ஆடுபவரை ஒதுக்கிவிடவும் வேண்டாம். கோபேர் 2013-14-இல் யூட்டாவுக்கு 45 ஆட்டங்களில், சராசரி 9.6 நிமிடம் மட்டுமே ஆடினார்; 2.3 புள்ளி, 3.4 ரீபவுண்ட். அதையே 36 நிமிடத்துக்குப் பெருக்கினால் 12-க்கு மேல் ரீபவுண்ட் வரும். பின்னாளில் நான்கு முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் ஆனவரின் முதல் சீசன் அது. நிமிடத்துக்குப் பெருக்கும்போது ஃபவுலையும் பெருக்குங்கள். 36 நிமிடத்துக்கு 6 ஃபவுல் வருபவருக்கு அந்த 36 நிமிடம் கிடைக்கவே கிடைக்காது.

வரும் அக்டோபரில் உங்கள் முதல் அலசலில் நான்கு தகவல்களைச் சேர்த்துக் கொடுங்கள்: அவருக்குப் பந்து கொடுக்கும் கார்டின் பெயர், பக்கத்தில் நின்ற இன்னொரு பெரிய ஆளின் பெயர், விழுந்த ஃபவுல்களின் வகை, டிராப்பில் அவர் நின்ற ஆழம். 25-ஆவது ஆட்டம் முடிந்ததும் அதே நான்கையும் மறுபடி எழுதி, முதலில் எழுதியதன் பக்கத்தில் வைத்து வெளியிடுங்கள். மூன்று புள்ளிச் சதவீதத்தை ஏப்ரலில் பேசிக்கொள்வோம்.

அன்புடன்,
கூடைப்பந்தை நேசிக்கும் சிலர்