சிறு இயங்குதளங்களிலும் வீடியோ ஓடட்டும்: ஒரு திறந்த மடல்

சந்தா வாங்கிப் படம் காட்டும் நிறுவனங்களுக்கும், உலாவி உருவாக்குபவர்களுக்கும், அந்த உலாவிக்குள் வீடியோவின் பூட்டை (நகலெடுப்பதைத் தடுக்கப் போடும் டிஆர்எம் என்ற மறையாக்கத்தை) திறக்கும் நிரலை எழுதித் தருபவர்களுக்கும் வணக்கம்.

ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, ஹைக்கூ போன்ற இயங்குதளங்களை அன்றாடக் கணினியில் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் நானும் ஒரு ஆள். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியும், கூகுள் குரோமின் திறந்த மூல வடிவமான குரோமியமும் எங்கள் பிஎஸ்டி கணினிகளில் நன்றாகவே ஓடுகின்றன. வீடியோவை விரித்துக் காட்டும் கோடெக் இருக்கிறது, ஒலி வருகிறது, சந்தாவும் கட்டியிருக்கிறோம். ஆனாலும் படத்தைத் தொட்டால் இந்தக் கணினிக்குச் சேவை கிடையாது என்று செய்தி வந்து நிற்கிறது. இதை மாற்றுவது உங்கள் கையில் இருப்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

இது இன்று நேற்று வந்த தொல்லை இல்லை. உலாவியில் வீடியோ காட்ட அடோபி நிறுவனத்தின் ஃப்ளாஷ் என்ற செருகுநிரல் (உலாவியோடு சேர்க்கும் துணை நிரல்) கோலோச்சிய காலத்தில் லினக்ஸுக்கே அதன் 8-ஆம் பதிப்பு வரவில்லை. 7-ஐ வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு 2007 ஜனவரியில் நேராக 9 வந்தது. ஃப்ரீபிஎஸ்டிக்கோ அடோபி கடைசிவரை தனிப் பதிப்பு தரவே இல்லை. அதனால் லினக்ஸுக்கான செருகுநிரலை எடுத்து, லினக்ஸ் நிரல்களை இயக்குவதற்கென்று ஃப்ரீபிஎஸ்டியில் உள்ள அடுக்கின் மேல் ஓடவிட்டு, என்எஸ்ப்ளகின்ராப்பர் என்ற இடைநிரல் மூலம் உலாவியோடு இணைத்தார்கள். நாஷ், லைட்ஸ்பார்க் என்று ஃப்ளாஷுக்கு மாற்றாகக் கட்டற்ற மென்பொருளை அடியிலிருந்து எழுதியவர்களும் உண்டு. அவர்களுடைய உழைப்பு சாதாரணமானதல்ல. ஆனால் அவர்கள் எட்டிப்பிடிக்க நினைத்தது ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தது; ஒவ்வொரு பதிப்பிலும் அது தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

ஃப்ளாஷுக்குப் போட்டியாக வந்த சில்வர்லைட் செருகுநிரலின் கதை இன்னும் கசப்பானது. மைக்ரோசாஃப்ட் அதை 2007-இல் வெளியிட்டதும் மோனோ என்ற திறந்த மூலத் திட்டத்தின் குழுவினர் லினக்ஸுக்காக மூன்லைட் செய்தார்கள். அதில் பூட்டில்லாத வீடியோ ஓடியது, பூட்டிய வீடியோ ஓடவில்லை. பூட்டைத் திறக்கும் பகுதி அதில் இல்லை, அவ்வளவுதான் காரணம். 2012-இல் மூன்லைட் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டே பைப்லைட் வந்தது: விண்டோஸுக்கான சில்வர்லைட்டை, விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் வழியாக இயக்கி, அதை லினக்ஸ் உலாவிக்குள் காட்டும் ஏற்பாடு. திறமையான வேலைதான். ஆனால் ஒரு படம் பார்ப்பதற்கு இத்தனை சுற்று எதற்கு?

இடையில், செருகுநிரல் இல்லாமல் உலாவியே வீடியோ காட்ட வழிசெய்த எச்டிஎம்எல்5 என்ற வலைத் தரநிலை வந்தது, நிஜமாகவே எங்களுக்கு விடுதலை தந்தது. 2015 ஜனவரியில் யூடியூப் அதையே இயல்பான வழியாக்கியது. விபி9, ஏவி1 போன்ற கோடெக்குகளின் மூலநிரல் எல்லோருக்கும் கிடைக்கிறது. எந்தத் தளத்துக்கும் தொகுத்துக்கொள்ளலாம், யாரிடமும் போய் நிற்க வேண்டாம். 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஃப்ளாஷுக்கான ஆதரவும் முடிந்தது. செருகுநிரல் தொல்லை இத்தோடு ஒழிந்தது என்று நாங்கள் நினைத்திருக்க வேண்டும்.

ஒழியவில்லை. பூட்டிய வீடியோவை உலாவியில் காட்டுவதற்கான இஎம்இ என்ற வரையறையை, வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017 செப்டம்பர் 18 அன்று தரநிலையாக அறிவித்தது. அதை எதிர்த்து வந்த, இணைய உரிமைகளுக்காகப் போராடும் இஎஃப்எஃப் அமைப்பு அன்றே டபிள்யூ3சியிலிருந்து விலகியது. உலாவி எப்படிச் சாவி கேட்க வேண்டும், வந்த பதிலை எப்படி உள்ளே அனுப்ப வேண்டும் என்பதை அந்தத் தரநிலை சொல்கிறது. சாவியை வாங்கி வீடியோவைத் திறக்கும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. எல்லா உலாவிகளும் கட்டாயம் தர வேண்டியது கிளியர் கீ என்ற எளிய முறை ஒன்றுதான். அதைப் பணம் வாங்கும் சேவைகள் நம்புவதில்லை. அவை கேட்பது கூகுளின் வைட்வைன் போன்ற மூடிய பெட்டிகளை. அந்தப் பெட்டி பிஎஸ்டிகளுக்குத் தரப்படுவதில்லை. ஏஆர்எம் சிப்பில் ஓடும் லினக்ஸ் பயனர்கள் பல ஆண்டுகள் கூகுளின் குரோம்ஓஎஸ் இயங்குதளத்தின் கோப்புகளுக்குள்ளிருந்து அதைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். பழைய செருகுநிரல்தான் இது, உருவம் மட்டும் சிறுத்துவிட்டது.

ஃப்ரீபிஎஸ்டி பயனர் இன்று பெரும்பாலும் என்ன செய்கிறார்? லினக்ஸ் குரோமை முழுசாகத் தன் கணினியின் லினக்ஸ் அடுக்கில் நிறுவி, படம் பார்க்க மட்டும் அதைத் திறக்கிறார். ஓப்பன்பிஎஸ்டி பயனருக்கு அந்த வழியும் கிடையாது, 2016-இல் 6.0 பதிப்போடு லினக்ஸ் அடுக்கையே அந்தத் தளம் நீக்கிவிட்டது. பாதுகாப்பைப் பெரிதாக நினைப்பவர்கள் எடுத்த முடிவு அது, அதில் நியாயம் இருக்கிறது. பாதுகாப்பு முக்கியம் என்று நீங்களும்தான் சொல்கிறீர்கள்.

நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் உலகெங்கும் படங்களை அனுப்ப வைத்திருக்கும் ஓப்பன் கனெக்ட் சர்வர்களில் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி. அவர்களுடைய பொறியாளர்கள் அந்தத் தளத்துக்கு நல்ல நிரல்களைத் திருப்பித் தந்திருக்கிறார்கள், அதற்கு நன்றி. படத்தை அனுப்பும் முனையில் நம்பப்படும் இயங்குதளத்தைப் பார்க்கும் முனையிலும் நம்பலாமே என்பதுதான் என் கேள்வி.

ஆட்கள் குறைவு, சோதிக்கச் செலவாகும் என்பீர்கள். சரி, சோதிக்க வேண்டாம். பிஎஸ்டிகளுக்கு ஃபயர்ஃபாக்ஸையும் குரோமியத்தையும் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் தங்கள் தளத்துக்கான ஒட்டுகளை (மூலநிரலில் செய்யும் சிறு மாற்றங்களை) திருத்தித் தொகுத்து, உடைந்ததைச் சரிசெய்து வெளியிடுகிறார்கள். பெட்டியைத் தந்தால் அதைப் பொருத்திப் பார்க்கும் பொறுப்பை ஏற்க ஆள் கிடைப்பார்கள். உலாவி அதை ஒரு வேலிக்குள் அடைத்து வைப்பதால், இயங்குதளத்திடம் அது நேரடியாகக் கேட்பதும் குறைவு. லினக்ஸ் மேசைக் கணினியில் வன்பொருள் பாதுகாப்பு இல்லாமல், மென்பொருளை மட்டும் நம்பி வைட்வைனை ஏற்கெனவே அனுமதிக்கிறீர்கள். அதற்காகப் படத்தின் தரத்தைக் குறைத்தும் தருகிறீர்கள். அதே நிபந்தனையில் எங்களுக்கும் தாருங்கள். உயர்ந்த தரம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இன்னொன்று, எனக்கு அதிகம் கோபம் வருவது இதில்தான். பூட்டே இல்லாத வீடியோவைக்கூட, உலாவி சொல்லும் இயங்குதளப் பெயரைப் பார்த்துவிட்டு மறுக்கும் சேவைகள் இருக்கின்றன. இந்த வடிவம் ஓடுமா, இந்தப் பூட்டு திறக்குமா என்று உலாவியிடமே கேட்டுக்கொள்ளத் தரநிலையில் வழி இருக்கிறது. கேட்டால் உண்மையான பதில் வரும். கேட்காமல் பெயரை வைத்து முடிவெடுப்பதால் பயனர்கள் விண்டோஸ் என்று பொய்ப்பெயர் சொல்லி நுழைகிறார்கள். அப்புறம் உங்கள் கணக்கில் அவர்கள் விண்டோஸ் பயனர்களாகவே பதிவாகிறார்கள். அந்தக் கணக்கைக் காட்டித்தான் ஃப்ரீபிஎஸ்டிக்கு ஆளே இல்லை என்கிறீர்கள்.

பாடம் நடத்தும் வீடியோவுக்கும் அரசு அறிவிப்புக்கும் பூட்டே போட வேண்டாம். அதை யார் திருடி என்ன செய்யப்போகிறார்கள்?

பெட்டியை எங்கள் தளங்களுக்குக் கொண்டுவர யாரை அணுக வேண்டும், என்ன ஒப்பந்தம், என்ன நிபந்தனை என்பதைப் பொதுவில் வெளியிடுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்றும் எழுதுங்கள். அதைப் படித்துவிட்டு எங்கள் தன்னார்வலர்கள் வேறு வழி யோசிப்பார்கள். அதற்கெல்லாம் உங்களுக்குக் காலம் தேவைப்படலாம். இயங்குதளத்தின் பெயரைப் பார்த்து மறுக்கும் சோதனையை மட்டும் அடுத்த வெளியீட்டிலேயே எடுத்துவிடுங்கள். அதற்கு எந்தப் பேச்சுவார்த்தையும் தேவையில்லை.

இப்படிக்கு,
பிஎஸ்டி பயனர் ஒருவர்